ஜிடிஎக்ஸ் 970, ஆர்9 390: இரண்டில் எதை மெஷினில் வைக்கலாம்?

நீலத்திரை

வணக்கம் நண்பர்களே. என் மெஷினில் ரொம்ப நாளாக ஓடுவது என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 970 கிராஃபிக்ஸ் கார்டு. சித்தப்பா மகன் புது மெஷினுக்கு மாறிவிட்டு, பழையதில் இருந்த ஏஎம்டியின் ஆர்9 390-ஐக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டான். இப்போது கையில் இரண்டு கார்டு, ஸ்லாட் ஒன்றுதான்.

பிராசசர் ஐ5 4570, நாலு கோர். ரேம் 16 ஜிபி. பவர் சப்ளை 500 வாட். மானிட்டர் 1080பி, அடுத்து ஃப்ரீசிங்க் (கார்டு படம் அனுப்பும் வேகத்துக்கு ஏற்ப மானிட்டர் தன் வேகத்தை மாற்றிக்கொள்ளும் வசதி) உள்ள 1440பி மானிட்டருக்குப் போகலாம் என்று இருக்கிறேன். விளையாடுவது பெரும்பாலும் 2013 முதல் 2020 வரை வந்த கேம்கள். தங்கை அதே மெஷினில் பிளெண்டர் என்ற 3டி மென்பொருளைக் கற்றுக்கொள்கிறாள்.

தேடினால் 2015-இல் எழுதிய ஒப்பீடுகள்தான் கிடைக்கின்றன. எல்லாவற்றிலும் இரண்டும் ஏறக்குறைய சமம் என்று முடித்துவிடுகிறார்கள். இத்தனை வருடம் கழித்தும் அது சமம்தானா? புதுக் கார்டு வாங்கச் சொல்லாதீர்கள், இப்போதைக்கு அது முடியாது.

சில்லுப்பிரியன்

நல்ல கேள்வி. முதலில் காகிதத்தில் இருப்பதைப் பார்த்துவிடுவோம்.

970 வந்தது 2014 செப்டம்பரில். மேக்ஸ்வெல் கட்டமைப்பு, ஜிஎம்204 சிப், 1664 கூடா கோர் (கணக்குப் போடும் சின்னச் சின்ன அலகுகள்). அடிப்படை வேகம் 1050 மெகாஹெர்ட்ஸ், பூஸ்ட் 1178. மெமரி 4 ஜிபி ஜிடிடிஆர்5, 256 பிட் பஸ் (மெமரிப் பாதையின் அகலம்), வினாடிக்கு 224 ஜிபி. மின்சாரம் 145 வாட்.

390 வந்தது 2015 ஜூனில். ஆனால் உள்ளே இருப்பது புதுச் சிப் இல்லை. 2013 நவம்பரில் ஆர்9 290-இல் வந்த அதே ஹவாய் சிப்புக்கு கிரெனடா என்று பெயர் வைத்து, கோர் வேகத்தையும் மெமரி வேகத்தையும் கூட்டி, மெமரியை 8 ஜிபி ஆக்கினார்கள். 2560 ஸ்ட்ரீம் பிராசசர் (ஏஎம்டி தன் கோர்களுக்கு வைத்த பெயர்), 1000 மெகாஹெர்ட்ஸ், 512 பிட் பஸ், வினாடிக்கு 384 ஜிபி, 275 வாட். இரண்டுமே 28 நானோமீட்டரில் செய்தவை, சந்தைக்கு வந்தபோது விலையும் ஒன்றுதான்.

கணக்குப் போட்டால் 390-க்கு 5.12 டெராஃப்ளாப்ஸ் (வினாடிக்கு எத்தனை லட்சம் கோடி கணக்கு என்ற அளவு), 970-க்கு பூஸ்ட் வேகத்தில் 3.92. முப்பது சதவீத வித்தியாசம். ஆனால் 2015-இல் யார் சோதித்தாலும் அந்த முப்பது சதவீதம் திரையில் வரவில்லை. 1080பி-யில் இரண்டும் தோளோடு தோள் நின்றன, 1440பி-யில் 390 சற்று முன்னால் போனது. இந்த முப்பது சதவீதம் எங்கே போனது என்பதில்தான் உங்கள் கேள்விக்குப் பாதி விடை இருக்கிறது. இன்று இரவு விரிவாக எழுதுகிறேன்.

கம்பிவடம்

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? 390-ஐப் போடுங்கள். 8 ஜிபி எங்கே, 4 ஜிபி எங்கே. அதுவும் 970-இல் இருப்பது முழு 4 ஜிபி கூட இல்லை, 3.5 ஜிபிதான்.

விசிறி

கம்பிவடம், 3.5 ஜிபி என்று எல்லோரும் சொல்கிறார்கள், ஆனால் அது என்ன என்று யாரும் விளக்குவதில்லை. மீதி அரை ஜிபி கார்டில் இருக்கிறதா இல்லையா? நானும் 970 வைத்திருக்கிறேன். எந்த மென்பொருளில் பார்த்தாலும் 4 ஜிபி என்றுதான் காட்டுகிறது.

சில்லுப்பிரியன்

இருக்கிறது விசிறி. 512 எம்பி சிப்கள் எட்டு, மொத்தம் 4 ஜிபி, போர்டைத் திறந்தால் கண்ணால் எண்ணலாம். பிரச்சினை அந்த எட்டாவது சிப்புக்குப் போகும் பாதையில்.

முழு ஜிஎம்204 சிப்பில் மெமரிக்குப் போகும் வழிகள் எட்டு, ஒவ்வொன்றும் 32 பிட். ஒவ்வொரு வழியின் வாசலிலும் சிப்புக்குள்ளேயே இருக்கும் வேக மெமரியான எல்2 கேஷில் 256 கேபி துண்டு ஒன்றும், முடிந்த பிக்சல்களை மெமரியில் எழுதும் ஆர்ஓபி எட்டும் உட்கார்ந்திருக்கும். இதே சிப்பை முழுதாகக் கொண்ட ஜிடிஎக்ஸ் 980-இல் எட்டு வாசலும் திறந்தே இருக்கின்றன. 970-ஐச் செய்யும்போது கோர்கள் அடங்கிய ஷேடர் தொகுதிகள் 16-இல் 3-ஐ மூடியதோடு, ஒரு எல்2 துண்டையும் அதோடு ஒட்டிய எட்டு ஆர்ஓபியையும் சேர்த்து மூடினார்கள். அந்த வாசலுக்குப் பின்னால் இருக்கும் மெமரி சிப் மட்டும் அப்படியே விடப்பட்டது. அதில் இருப்பதை எடுக்க வேண்டுமானால் பக்கத்து வாசல் வழியாகச் சுற்றித்தான் வரவேண்டும்.

சாதாரணமாக கிராஃபிக்ஸ் கார்டில் தகவலை எல்லாச் சிப்களிலும் சமமாகப் பரப்பி வைப்பார்கள். இங்கே எட்டிலும் பரப்பினால் ஒரு வாசலுக்கு மட்டும் இரட்டைச் சுமை விழும், மற்ற வாசல்கள் அது முடியும்வரை சும்மா காத்திருக்கும். அதனால் ஏழு சிப்களை ஒரு பகுதியாகவும் எட்டாவதைத் தனிப் பகுதியாகவும் பிரித்தார்கள். முதல் 3.5 ஜிபி வினாடிக்கு 196 ஜிபி வேகத்தில் ஓடும். கடைசி 0.5 ஜிபி வெறும் 28 ஜிபி. பெட்டியில் போட்டிருக்கும் 224 என்பது இந்த இரண்டின் கூட்டல். ஆனால் இரண்டு பகுதியையும் ஒரே நேரத்தில் படிக்க முடியாது.

அறிமுகத்தின்போது 64 ஆர்ஓபி, 2 எம்பி எல்2 என்றுதான் சொல்லப்பட்டது. 2015 ஜனவரியில்தான் 56 ஆர்ஓபி, 1.75 எம்பி எல்2 என்று என்விடியா திருத்திச் சொன்னது. அமெரிக்காவில் வழக்காகி, 2016-இல் கார்டு ஒன்றுக்கு 30 டாலர் கொடுக்கச் சம்மதித்தார்கள்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும், இதைப் பலரும் கவனிப்பதில்லை. ஆர்ஓபி குறைந்ததால் வேகம் குறையவில்லை. 970-இல் மிச்சம் இருக்கும் 13 ஷேடர் தொகுதிகளும் சேர்ந்து ஒரு சுற்றுக்கு 52 பிக்சல்தான் அனுப்ப முடியும். ஆர்ஓபி 56 இருந்தாலும் 64 இருந்தாலும் அந்த 52-தான். அன்றைய சோதனை முடிவுகள் எதுவும் பொய்யாகவில்லை. தவறாகச் சொல்லப்பட்டது அளவுக் குறிப்பு. வாங்குகிறவருக்குச் சேர வேண்டிய தகவல் நாலு மாதம் தாமதமாகச் சேர்ந்தது, அதுவே போதுமான குற்றம்.

விசிறி

இப்போதுதான் புரிகிறது, நன்றி. அப்படியானால் டிரைவர் முதலில் 3.5-ஐ நிரப்பிவிட்டுத்தான் அடுத்ததைத் தொடும், இல்லையா?

சில்லுப்பிரியன்

ஆமாம். அடிக்கடி தேவைப்படாததை அந்த அரை ஜிபிக்குத் தள்ளப் பார்க்கும். ஆகவே பெரும்பாலான கேம்களில் உங்களுக்கு எதுவும் தெரியாது. தெரியும்போது மட்டும் நன்றாகவே தெரியும்.

மூத்தநிரலர்

3.5-ஐப் பற்றிய பேச்சு வருடக்கணக்கில் ஓடிவிட்டது. இன்றைக்கு நிலைமை வேறு. இன்றைய கேம்களில் முழு 4 ஜிபி இருந்தாலே மூச்சுமுட்டும். ஆகவே 970-ஐ 3.5 ஜிபி கார்டாகவே எண்ணிக்கொண்டு டெக்ஸ்சர் (பொருட்களின் மேல் ஒட்டும் படங்கள்) அளவை ஒரு படி குறைத்து வைத்தால், மீதி எல்லாம் சுகமாக ஓடும். உண்மையான கேள்வி 3.5-க்கும் 4-க்கும் இடையில் இல்லை, 4-க்கும் 8-க்கும் இடையில்தான் இருக்கிறது.

ஆனால் தம்பி நீலத்திரை, உங்கள் பிராசசரைப் பற்றி யாரும் பேசவில்லை. அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். டைரக்ட்எக்ஸ் என்பது கேம் கார்டோடு பேசும் இடைமுகம். டைரக்ட்எக்ஸ் 11 கேம்களில் கார்டுக்கு வேலை அனுப்புவது டிரைவரின் பொறுப்பு. அந்த வேலையைப் பல கோர்களுக்குப் பிரித்துக் கொடுப்பதை என்விடியா டிரைவர் நன்றாகச் செய்தது. அந்தக் காலத்து ஏஎம்டி டிரைவரில் பெரும்பகுதிச் சுமை ஒரே கோரின் தலையில் விழுந்தது. வலுவான பிராசசர் வைத்துச் சோதித்தவர்களுக்கு இது தெரியவில்லை. நாலு கோர், நாலு திரெட் உள்ள மெஷினில், கூட்டம் நிறைந்த நகரம் வரும் காட்சியில், கார்டு வேலையில்லாமல் நிற்க ஒரு கோர் மட்டும் முழுதாக ஓடிக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். 390 தன் பலத்தைக் காட்ட முடியாமல் போகும் இடம் அதுதான்.

டைரக்ட்எக்ஸ் 12, அதே மாதிரி இன்னொரு இடைமுகமான வல்கன் வந்தபின் கதை திரும்பியது. அவற்றில் வேலையைப் பிரிக்கும் பொறுப்பு கேமிடமே போய்விடுகிறது. டூம் கேமுக்கு 2016 ஜூலையில் வல்கன் வந்தபோது ஏஎம்டி கார்டுகள் ஒரே நாளில் எவ்வளவு ஏறின என்பது நினைவிருக்கும். ஹவாயில் கணக்கீட்டு வேலைக்கென்றே எட்டு வரிசை இயந்திரங்கள் உண்டு. கிராஃபிக்ஸ் வேலை ஓடும்போதே அதன் இடைவெளிகளில் கணக்கீட்டு வேலையை நுழைக்க அவற்றால் முடியும். மேக்ஸ்வெல்லுக்கு அது சரியாக வரவில்லை.

சில்லுப்பிரியன்

மூத்தநிரலர் அண்ணன் சொன்னதோடு என் பங்கையும் சேர்க்கிறேன். அந்த முப்பது சதவீதம் போன இடங்களில் ஒன்று டிரைவர். இன்னும் சில உண்டு.

ஒன்று, கடிகார வேகம். 970-இன் 1178 என்பது குறைந்தபட்ச வாக்குறுதி மாதிரி. நல்ல கூலர் இருந்தால் அதைத் தாண்டித் தானாகவே ஓடும், கொஞ்சம் ஓவர்கிளாக் செய்தால் 1400-க்கு மேல் போகும் கார்டுகள் ஏராளம். 1450-இல் வைத்தால் 4.83 டெராஃப்ளாப்ஸ் வந்துவிடுகிறது. 390-ஐ 1100-க்கு மேல் தள்ளுவதே பாடு. ஏனென்றால் 290-இல் இருந்த இடத்தையெல்லாம் தொழிற்சாலையிலேயே பயன்படுத்திவிட்டார்கள்.

அப்புறம் மெமரி வேகம். 384-க்கு எதிரே 224 என்று பார்த்தால் 970 நிற்கவே கூடாது. ஆனால் மேக்ஸ்வெல் திரையைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்தின் வேலையையும் முடிந்தவரை எல்2 கேஷுக்குள்ளேயே முடிக்கிறது. நிறத் தகவலை இழப்பில்லாமல் சுருக்கியும் அனுப்புகிறது. ஹவாயில் அந்த நிறச் சுருக்கம் இல்லை, ஏஎம்டி அதைக் கொண்டுவந்தது அடுத்து வந்த டோங்கா சிப்பில்தான். எல்2-வும் ஹவாயில் 1 எம்பி, 970-இல் 1.75 எம்பி. ஒருவர் அகலமான சாலை போட்டார், இன்னொருவர் வண்டிகளைக் குறைத்தார். எனக்கு இந்த இரண்டு கார்டுகள் மேலும் தீராத ஈர்ப்பு இருப்பதற்குக் காரணமே இதுதான். ஒரே நானோமீட்டரில், ஒரே விலையில், இரண்டு குழுக்கள் இப்படி எதிரெதிர் வழியில் போய் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தது அபூர்வம். மின்சாரக் கணக்கில் மட்டும் என்விடியாவின் வழி தெளிவாக வென்றது.

ஆனால் ஒன்று. 384 ஜிபி சாலை 1440பி-யில் உதவுகிறது. டெசலேஷன், அதாவது பரப்பைச் சின்னச் சின்ன முக்கோணங்களாக உடைத்து நுணுக்கம் கூட்டும் வேலை, அதிகம் உள்ள இடங்களில் மேக்ஸ்வெல் உதவுகிறது. விட்சர் 3 கேமில் முடியை வரையும் ஹேர்வொர்க்ஸ் வசதியை முழுதாகத் திறந்தால் 390 திணறும். ஏஎம்டி டிரைவரில் டெசலேஷன் உச்சவரம்பை 16 அல்லது 8 என்று வைத்தால் பெரும்பகுதி வேகம் திரும்பிவிடும், கண்ணுக்கு வித்தியாசம் தெரிவதும் அரிது.

நீலத்திரை

எவ்வளவு விஷயம்! எல்லோருக்கும் நன்றி. ஒரு அவசரச் சந்தேகம். 390-இல் மின்சார இணைப்பு ஒரு 6 பின், ஒரு 8 பின். என் பவர் சப்ளையிலிருந்து வருவது இரண்டும் 6 பின். பழைய ஹார்ட் டிஸ்க் இணைப்பிலிருந்து 8 பின்னுக்கு மாற்றும் ஒயர் கிடைக்கிறது. அதைப் போட்டு ஓட்டலாமா?

கம்பிவடம்

வேண்டாம்! நான் 390-க்கு ஆதரவாளன், ஆனாலும் சொல்கிறேன், வேண்டாம். ஸ்லாட்டில் இருந்து 75 வாட், 6 பின்னில் இருந்து 75, 8 பின்னில் இருந்து 150. இதுதான் வரையறை. அந்த 150 வாட்டை மெல்லிய ஹார்ட் டிஸ்க் ஒயரில் இழுத்தால் கனெக்டர் சூடாகி உருகும். 8 பின் தராத பவர் சப்ளை என்றால், இந்த அளவு கார்டுக்கு அதைச் செய்யவில்லை என்றுதான் அர்த்தம்.

பவர் சப்ளையின் பக்கவாட்டு ஸ்டிக்கரைப் பாருங்கள். 500 வாட் என்பது எல்லா மின்னழுத்தமும் சேர்ந்த கணக்கு. கார்டும் பிராசசரும் எடுப்பது 12 வோல்ட் பக்கம் மட்டும். அங்கே 30 ஆம்பியர் என்று போட்டிருந்தால் உண்மையில் உங்களுக்குக் கிடைப்பது 360 வாட். 390-க்கு 275, ஐ5 4570-க்கு 84, கூட்டினால் 359. மெஷின் விசிறிக்கும் டிஸ்குக்கும்கூட மிச்சம் இல்லை. அதிலும் கார்டு நொடியில் எகிறும் உச்சம் 275-க்கு மேலேயே போகும்.

970-ஐ அதே சப்ளையில் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டலாம்.

நீலத்திரை

ஸ்டிக்கரைப் பார்த்தேன். 12 வோல்ட் பக்கம் நீங்கள் சொன்ன அளவை ஒட்டித்தான் இருக்கிறது. 390-ஐ அதில் மாட்டமாட்டேன். நண்பன் ஒருவனிடம் 650 வாட் சப்ளை ஒன்று சும்மா கிடக்கிறது, சோதனைக்கு வாங்கி வருகிறேன்.

விசிறி

மாட்டுவதற்கு முன் இன்னொரு வேலை இருக்கிறது. 390-இன் கூலரைக் கழற்றி, சிப்புக்கும் கூலருக்கும் இடையில் இருக்கும் பேஸ்டை மாற்றுங்கள். இந்த வயதுக் கார்டில் இதைச் செய்யாமல் சோதித்தால் சூட்டைத்தான் சோதிப்பீர்கள், கார்டை இல்லை.

கார்டைக் கொஞ்ச நேரம் ஓட்டி வெதுவெதுப்பாக்கிவிட்டு அணையுங்கள். குளிர்ந்த நிலையில் பிடித்து இழுத்தால் காய்ந்த பேஸ்ட் விடாது. பின்பக்கம் சிப்பைச் சுற்றி இருக்கும் நாலு ஸ்பிரிங் ஸ்க்ரூவையும் குறுக்கும் நெடுக்குமாக, ஒவ்வொன்றிலும் அரைச் சுற்று என்று தளர்த்துங்கள். ஒரு பக்கம் மட்டும் முழுதாகக் கழற்றினால் சிப்பின் எதிர் ஓரத்தில் அழுத்தம் விழும், மேலே மூடி இல்லாத சிப், ஓரம் உடைந்தால் முடிந்தது. ஸ்க்ரூ வந்தபின் கூலரை மேலே தூக்காதீர்கள், இடமும் வலமுமாக லேசாகத் திருகுங்கள், தானாக விட்டுக்கொடுக்கும். விசிறி ஒயர் இன்னும் போர்டில் மாட்டியிருக்கும், அதை மறக்காமல் முதலில் பிடுங்குங்கள்.

பழைய பேஸ்டை ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடையுங்கள். மெமரி மேலும் வோல்டேஜ் பகுதி மேலும் இருக்கும் தெர்மல் பேடுகள் கிழியாமல் இருந்தால் அப்படியே விடுங்கள். மாற்றியே ஆக வேண்டுமென்றால் அதே தடிமனில் போடுங்கள். தடிமன் கூடினால் கூலர் சிப்பில் சரியாக உட்காராது, அப்புறம் பேஸ்ட் மாற்றியும் பழைய சூடுதான்.

ஜிபியு-இசட் மென்பொருளில் சிப் சூட்டோடு, விஆர்எம் (வோல்டேஜ் பகுதி) சூட்டையும் காட்டினால் இரண்டையும் பாருங்கள். 290 வந்தபோது 95 டிகிரி வரை போவது இந்தச் சிப்புக்கு இயல்பு என்றே ஏஎம்டி சொன்னது. சிப் தாங்கும். ஆனால் அந்தச் சூட்டில் வருடக்கணக்கில் ஓடினால் பக்கத்தில் இருக்கும் விஆர்எம்முக்கு நல்லதில்லை.

பெங்குயின்வாசி

இவ்வளவு நேரம் படித்தேன், ஒருவரும் டிரைவர் ஆயுளைப் பற்றிப் பேசவில்லை. பழைய கார்டுக்கு அதுதான் முதல் கேள்வியாக இருக்க வேண்டும்.

விண்டோஸில் 390-ஐ ஏஎம்டி 2021 ஜூனிலேயே பழைய பட்டியலுக்கு மாற்றிவிட்டது. புது கேம்களுக்கான திருத்தங்கள் அதோடு நின்றன. 970-க்கு என்விடியா 2025 அக்டோபர் வரை கேம் டிரைவர் கொடுத்தது. அதன்பின் பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும், அதுவும் 2028 அக்டோபர் வரை. விண்டோஸை மட்டும் வைத்துப் பார்த்தால் 970-க்குத்தான் நீண்ட ஆயுள் கிடைத்திருக்கிறது.

லினக்ஸில் அப்படியே தலைகீழ். 390-க்கான டிரைவர் திறந்த மூலம், அது இருக்கும் மெசா தொகுப்பில் இன்றைக்கும் வேலை நடக்கிறது. வல்கனும் ஓடும், அதன்மேல் புரோட்டான் என்ற மென்பொருள் வழியாக விண்டோஸ் கேம்களும் ஓடும். 970-க்குத் திறந்த மூல நூவோ டிரைவரால் வேகத்தைக் கூட்ட முடியாது. 970-இல் இருப்பது போன்ற இரண்டாம் தலைமுறை மேக்ஸ்வெல் சிப்களுக்கு என்விடியா கையொப்பமிட்ட ஃபர்ம்வேர் தேவை, கடிகார வேகத்தை மாற்றும் பகுதிக்கு அது கிடைக்கவில்லை. ஆகவே என்விடியாவின் சொந்த டிரைவர்தான் கதி. அதன் புது வெளியீடுகளும் மேக்ஸ்வெல்லைக் கைவிட்டுவிட்டன, 580 வரிசைதான் கடைசி.

நீலத்திரை லினக்ஸுக்கு வரத் தயாராக இருந்தால் 390. விண்டோஸிலேயே இருப்பதென்றால் 970 பக்கம் யோசிக்கலாம்.

மூத்தநிரலர்

பெங்குயின்வாசி சொன்னது முக்கியமான புள்ளி. ஆனால் 2013 முதல் 2020 வரை வந்த கேம்களுக்கு 2021 டிரைவர் போதும். அந்தக் கேம்களுக்கான திருத்தங்கள் எல்லாம் அதற்குள் வந்துவிட்டவை. புதுக் கேம்களில் இரண்டு கார்டுமே கதவுக்கு வெளியேதான். மெஷ் ஷேடர் இரண்டிலும் இல்லை, ரே டிரேசிங் இல்லை, குறைந்த அளவில் வரைந்து பெரிதாக்கும் என்விடியாவின் டிஎல்எஸ்எஸ் 970-இலும் வராது. அதே வேலை செய்யும் ஏஎம்டியின் எஃப்எஸ்ஆரில் பழைய பதிப்புகள் மட்டும் இரண்டிலும் ஓடும்.

விசிறி

பிளெண்டரை எல்லோரும் மறந்துவிட்டீர்கள். தங்கை பயன்படுத்துகிறாள் என்று முதல் பதிவிலேயே இருக்கிறது.

பிளெண்டரின் சைக்கிள்ஸ் ரெண்டருக்கு (இறுதிப் படத்தைக் கணக்கிட்டு வரையும் பகுதி) 970, என்விடியாவின் கூடா வழியாக வேலை செய்யும். 390-க்கு இருந்த ஒரே வழி ஓப்பன்சிஎல். பிளெண்டர் 3.0-இல் அதை எடுத்துவிட்டார்கள். அதற்குப் பதில் வந்த எச்ஐபி இந்தக் கார்டை ஏற்பதில்லை. அதாவது 390 போட்டால் பிளெண்டரில் திரையில் மாடலைச் சுழற்றலாம், வேகமாக வரைந்து காட்டும் ஈவியில் பார்க்கலாம், சைக்கிள்ஸ் ரெண்டர் முழுக்க அந்த ஐ5 தலையில் விழும். கற்றுக்கொள்கிற பிள்ளைக்கு ஒவ்வொரு தடவையும் காத்திருப்பது பெரிய தடை. இதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கம்பிவடம்

அது சரிதான், அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மானிட்டர் பக்கம் 390-க்குப் பலம். என்விடியா 2019-இல் ஃப்ரீசிங்க் மானிட்டர்களுக்குக் கதவைத் திறந்தபோது ஜிடிஎக்ஸ் 10 வரிசை முதல்தான் சேர்த்தது. 970-க்கு என்விடியாவின் சொந்த ஜி-சிங்க் சிப் வைத்த மானிட்டர் வேண்டும். நீலத்திரை பார்த்து வைத்திருக்கும் 1440பி மானிட்டரில் 970-ஐ மாட்டினால் ஃப்ரீசிங்க் சும்மா கிடக்கும். இந்த வயதுக் கார்டு 1440பி-யில் 60-க்குக் கீழே ஏறி இறங்கத்தான் போகிறது. அந்த ஏற்ற இறக்கத்தில்தான் ஃப்ரீசிங்க் கைகொடுக்கும். டிஸ்ப்ளேபோர்ட் ஒயரில் மாட்டுங்கள், எச்டிஎம்ஐயை நம்பாதீர்கள்.

சில்லுப்பிரியன்

எச்டிஎம்ஐ என்றதும் நினைவுக்கு வருகிறது. டிவியில் 4கே பார்ப்பதென்றால் 970-இல் எச்டிஎம்ஐ 2.0, 60 ஹெர்ட்ஸ் வரும். 390-இல் 1.4 மட்டும், 4கே என்றால் 30 ஹெர்ட்ஸ். பழைய விஜிஏ மானிட்டர் வைத்திருப்பவர்களுக்கும் 970-தான், அதன் டிவிஐயில் அனலாக் உண்டு, ஹவாயில் அதை எடுத்துவிட்டார்கள். வீடியோ டீகோடிங்கில் இரண்டுமே பழசு. எச்இவிசி வகை வீடியோவை முழுதாக வன்பொருளில் பிரிக்க இரண்டாலும் முடியாது. வேடிக்கை என்னவென்றால் 970-க்குக் கீழே இருந்த 960-க்கு அது முடியும், அது பிறகு வந்த சிப்.

மூத்தநிரலர்

தம்பி, சோதிக்கும்போது சராசரி எஃப்பிஎஸ்ஸை (வினாடிக்கு எத்தனை படம் என்ற எண்) மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். ஒரு கார்டை எடுத்து இன்னொன்றைப் போடும்போது டிரைவர் நீக்கும் மென்பொருளான டிடியு வைத்து சேஃப் மோடில் பழைய டிரைவரைச் சுத்தமாக நீக்குங்கள். ஒரே சேவ் ஃபைல், ஒரே பாதை, ஒரே திசையில் நடங்கள். ஆஃப்டர்பர்னர் மென்பொருளில் ஃபிரேம்டைம் (ஒவ்வொரு படமும் வர எடுக்கும் நேரம்) வரைபடத்தைத் திறந்து வையுங்கள். முதலில் டெக்ஸ்சர் ஹையில், அப்புறம் அல்ட்ராவில். மற்ற எதையும் தொடவேண்டாம். டெக்ஸ்சர் அளவு மெமரியை மட்டும்தான் பெரிதாகத் தின்னும், ஷேடருக்கு அதிகச் சுமை கிடையாது. ஆகவே ஹைக்கும் அல்ட்ராவுக்கும் இடையில் எந்தக் கார்டு மாறுகிறதோ, அதற்கு மெமரிதான் காரணம் என்று தெளிவாகத் தெரிந்துவிடும்.

நீலத்திரை

சோதித்துவிட்டேன். நண்பனின் 650 வாட் சப்ளையில், விசிறி சொன்னபடி பேஸ்ட் மாற்றி. பழைய பேஸ்ட் பொடிப்பொடியாக உதிர்ந்தது. மாற்றியபின் சூடும் இறங்கியது, அதைவிட விசிறிச் சத்தம் நன்றாகக் குறைந்துவிட்டது.

டெக்ஸ்சர் ஹையில் இரண்டு கார்டுக்கும் வித்தியாசம் சொல்லத் தெரியவில்லை. டைரக்ட்எக்ஸ் 11 கேம் ஒன்றில், கூட்டமான சந்தைத் தெருவில், 390 தான் கீழே இறங்கியது. ஆஃப்டர்பர்னரில் பார்த்தால் கார்டின் பயன்பாடு குறைந்து ஒரு கோர் உச்சத்தில் இருந்தது, மூத்தநிரலர் அண்ணன் சொன்ன அதே படம்.

அல்ட்ராவுக்கு மாற்றியதும் நிலைமை மாறியது. 970-இல் மெமரி எண் 3.5-ஐத் தாண்டும்வரை எல்லாம் ஒழுங்காகப் போனது. தாண்டியபின், நேராக நடக்கும்போது ஒன்றுமில்லை. தெரு முனையில் கேமராவைச் சட்டென்று திருப்பினால் ஒரு வெட்டு. ஃபிரேம்டைம் கோட்டில் ஊசி மாதிரி ஒன்று எழும்பும். திரும்பப் பழைய பக்கம் திருப்பினால் இன்னொரு வெட்டு. சராசரி எஃப்பிஎஸ் மட்டும் பார்த்திருந்தால் இது கண்ணில் பட்டிருக்காது, அந்த எண் அப்படியே இருந்தது. 390-இல் அதே முனையில் கோடு தட்டையாகவே போனது, மெமரி எண் 5 ஜிபியைத் தொட்டும் ஒன்றும் ஆகவில்லை.

கம்பிவடம்

இதைத்தான் முதல் நாளே சொன்னேன். எட்டு ஜிபி!

சில்லுப்பிரியன்

கம்பிவடம், அந்த வெட்டு முழுவதையும் 28 ஜிபி பகுதியின் கணக்கில் எழுதிவிட வேண்டாம். 4 ஜிபியும் நிறைந்தபின் தகவல் மெயின் ரேமுக்குப் போய், கார்டு ஸ்லாட்டின் பாதையான பிசிஐ எக்ஸ்பிரஸ் வழியாக வரவேண்டும். 3.0-இல் 16 லேனுக்கு அது வினாடிக்கு 16 ஜிபிக்குக் கீழேதான். முழு 4 ஜிபி உள்ள 980-இலும் இந்த இரண்டாவது சுவர் உண்டு. நீலத்திரை பார்த்ததில் இரண்டும் கலந்திருக்கலாம்.

ஆனால் முடிவு மாறாது. 390-க்கு 8 ஜிபி கொடுத்தபோது, இந்தச் சிப்புக்கு இவ்வளவு எதற்கு என்று கேட்டவர்கள் அதிகம். அன்றைக்கு அந்தக் கேள்வி நியாயம்தான். இன்றைக்கு 390 விளையாடத் தகுந்த கார்டாக நிற்பதே அந்த 8 ஜிபியால்தான்.

விசிறி

நான் இன்னும் 970 பக்கம்தான். டெக்ஸ்சரை ஹையில் வைத்தால் வெட்டு இல்லை என்று அவரே சொல்லிவிட்டார். பாதி மின்சாரம், பாதிச் சூடு, பவர் சப்ளை மாற்றவும் வேண்டாம், பிளெண்டர் ஓடும். ஒரு படி டெக்ஸ்சருக்காக 130 வாட் அதிகம் எரிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

நீலத்திரை

இரண்டு பேர் சொல்வதும் நியாயமாகத்தான் இருக்கிறது. நான் எடுத்த முடிவு இது. வீட்டில் இன்னொரு பழைய மெஷின், கிராஃபிக்ஸ் கார்டு இல்லாமல் தட்டச்சு வேலைக்கு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. 970-உம் என் 500 வாட் சப்ளையும் அதற்குப் போகின்றன, அது இனி தங்கையின் பிளெண்டர் மெஷின். நண்பன் 650 வாட் சப்ளையை நீயே வைத்துக்கொள் என்று சொல்லிவிட்டான், 390 என் மெஷினில் இருக்கும். அதில் லினக்ஸ் போட்டுப் பார்க்கவும் ஆசை வந்துவிட்டது. பெங்குயின்வாசி, நிறுவியபின் 390-க்குத் தனியாக ஏதாவது செய்ய வேண்டுமா?

பெங்குயின்வாசி

ஒன்றே ஒன்று. இந்தத் தலைமுறைச் சிப்பை லினக்ஸின் மையப் பகுதியான கர்னல் வெகுகாலம் பழைய ரேடியான் டிரைவரிடம்தான் ஒப்படைத்துவந்தது. அதில் வல்கன் வராது, வல்கன் இல்லாமல் புரோட்டான் கேம்கள் பெரும்பாலும் ஓடாது. துவக்க வரியில் ரேடியான் டிரைவருக்கான சிஐகே (இந்தத் தலைமுறைச் சிப்களின் பெயர்) ஆதரவை 0 என்றும் ஏஎம்டிஜிபியு டிரைவருக்கானதை 1 என்றும் கொடுத்துவிட்டு, துவக்க மென்பொருளான கிரப்பைப் புதுப்பித்து, மெஷினை மறுபடி துவக்குங்கள். புத்தம்புதுக் கர்னல் என்றால் இது தானாகவே நடக்கும். வல்கன்இன்ஃபோ கட்டளையைக் கொடுத்து ஹவாய் என்ற பெயர் வருகிறதா என்று பாருங்கள், வந்தால் தயார்.

கம்பிவடம்

நீலத்திரை, ஆஃப்டர்பர்னர் லினக்ஸில் கிடையாது. அதனால் விண்டோஸில் இருக்கும்போதே கோர் வோல்டேஜைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, எந்த அளவு வரை நிலையாக ஓடுகிறது என்று குறித்து வையுங்கள். ஃபிரேம் வரம்பையும் 60-இல் வையுங்கள். இந்த இரண்டையும் செய்தாலே 275 வாட்டில் நல்ல பகுதி குறைந்துவிடும்.

நீலத்திரை

இன்று இரவே வோல்டேஜில் தொடங்குகிறேன். எண்களை இதே இழையில் போடுகிறேன்.